அம்மாவுக்கு அடி இறக்கம் (கருப்பை கீழே இறங்குவது), வளையம் வைத்தால் போதுமா?

கேள்வி:
அம்மாவுக்கு 68 வயது. குடம் தூக்கினால் கீழே உருண்டையாக ஏதோ வந்து நிற்கிறது என்று போன வாரம்தான், சமையலறையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, என்னிடம் வாய் திறந்தார். ஒரு வருடமாகப் பொறுத்திருக்கிறார். இதய நோய் இருப்பதால் ஆபரேஷன் வேண்டாம், இறங்கியதைத் தாங்கிப் பிடிக்கப் பிறப்புறுப்புக்குள் பெசரி என்ற சிலிக்கோன் வளையம் வைக்கலாம் என்கிறார் டாக்டர். அதை வைத்துக்கொண்டு நடமாட முடியுமா? வலிக்குமா?

பதில் 1:
மூன்று வருடமாக வைத்திருக்கிறேன் அக்கா. அளவு சரியாக இருந்தால் உள்ளே இருப்பதே தெரியாது. எனக்கு முதல் வளையம் முக்கும்போது கழன்று விழுந்துவிட்டது, அப்புறம் அடுத்த அளவு வைத்தார்கள், நின்றுவிட்டது. அதனால் வைத்தவுடன் கிளம்பாமல் அங்கேயே நடந்து, இருமி, உட்கார்ந்து எழுந்து, சிறுநீரும் கழித்துப் பார்த்துவிட்டு வாருங்கள். சிறுநீர் போகவில்லை என்றால் உடனே சொல்லிவிட வேண்டும்.

பதில் 2:
நான் நர்ஸ். வைத்துவிட்டு மறந்துபோவதுதான் ஆபத்து, வருடக்கணக்கில் விட்டு உள்ளே புண்ணாகி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பொதுவாக 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவி, உள்ளே பரிசோதிக்க வேண்டும். இந்த வயதில் உள்தோல் மெலிந்திருக்கும், ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்) களிம்பு தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். ரத்தமோ நாற்றமோ வந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள். மலச்சிக்கலையும் கவனியுங்கள்.

கேட்டவர்:
நன்றி. வைத்த பிறகு இருமினால் சிறுநீர் கசியுமா?

பதில் 1:
சிலருக்குக் கசியும். எனக்குக் கொஞ்சம் இருந்தது, வளையத்தின் வகையை மாற்றிய பிறகு குறைந்தது.