உறையவைத்த மீன் பொட்டலத்தின் பின்பக்கத்தை வாசித்தவர் யாராவது உண்டா?

பாளை ரெண்டாந்தெரு:
வண்ணாரப்பேட்டையில் ஒரு பெரிய கடையில் ரொட்டித்தூள் தடவிய மீன் பொட்டலம் வாங்கினேன். பையன் அடம்பிடித்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் பின்பக்கத்தைப் பார்த்தேன்: மீன், மைதா, பாமாயில், உப்பு, அப்புறம் 451, 415, 330 என்று போன் நம்பர் மாதிரி போகிறது. பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

உவரிக் காத்து:
கொடுக்காதீங்க அண்ணாச்சி. 451 என்றால் சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட், மீன் சதை தண்ணீரை விடாமல் பிடித்துவைக்கப் போடுவது. தண்ணீரையும் மீன் விலைக்கே விற்கிறான். எங்கள் கரையில் காலையில் வள்ளம் வந்ததும் சாளை துள்ளத்துள்ளக் கிடைக்கும்போது இந்தக் கட்டியை எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

தாமிரபரணி நண்டு:
துள்ளுவது உங்களுக்கு. அம்பாசமுத்திரம் வந்து சேரும்போது அது கண்ணைக்கூடத் திறக்காது. 2018இல் செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு சோதனைச்சாவடியில், பிணம் கெடாமல் இருக்கப் போடுகிற பார்மலின் போட்ட மீனை டன் கணக்கில் பிடித்தார்களே, அதுவும் "பச்சை மீன்" என்றுதான் போய்க்கொண்டிருந்தது. மைனஸ் 18 டிகிரியில் இருக்கிற மீனுக்குக் கெடாமல் இருக்க மருந்து தேவையில்லை, குளிரே போதும். 330 சிட்ரிக் அமிலம், எலுமிச்சையில் இருக்கிற அதே புளிப்பு. 415 மாவு மீனில் ஒட்டுவதற்கு. நம்பரைப் பார்த்தவுடன் விஷம் என்று அலறுவது என்ன வழக்கமோ! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் என்ன செய்வீர்கள்?

உவரிக் காத்து:
தடை விசைப்படகுக்குத்தான் வே, எங்கள் வள்ளத்துக்கு இல்லை.

தாமிரபரணி நண்டு:
சரி, அந்த 61 நாளில் கிலோ என்ன விலைக்குக் கொடுப்பீர்கள், அதையும் சொல்லுங்கள்.

மேலப்பாளையம் அடுக்களை:
ரெண்டு பேரும் நம்பரிலேயே நிற்கிறீர்கள். உப்பை யாரும் பார்க்கவில்லையே! அண்ணாச்சி, 100 கிராமுக்கு சோடியம் எவ்வளவு என்று போட்டிருக்கும், பாருங்கள்.

பாளை ரெண்டாந்தெரு:
520 மில்லிகிராம். பொட்டலம் 300 கிராம்.

மேலப்பாளையம் அடுக்களை:
அப்படியானால் முழுப் பொட்டலத்தில் 1560. அதை இரண்டரையால் பெருக்கினால் உப்புக் கணக்கு வரும், கிட்டத்தட்ட 3.9 கிராம். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இனிமேல் வாங்கும்போது பட்டியலின் வரிசையைப் பாருங்கள், எடை அதிகமானதுதான் முன்னால் வரும். மீனுக்கு முன்னால் மைதா இருந்தால் அது மீன் வாசம் அடிக்கிற பஜ்ஜி. 451ஐயும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. எங்கள் அத்தாவுக்குக் கிட்னி பிரச்சினை, மீனில் இயல்பாக இருக்கிற பாஸ்பரஸைவிட இப்படிச் சேர்க்கிற பாஸ்பேட் உடம்பில் அதிகமாக ஏறும், அதைத் தொடவே வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உங்கள் பையனுக்கு அந்தப் பயம் இல்லை, அவனுக்கு உப்பும் எண்ணெயும்தான் கணக்கு.

உவரிக் காத்து:
நான் சொன்னதைத்தான் அக்காவும் சொல்கிறார்கள்.

தாமிரபரணி நண்டு:
எங்கே சொன்னார்கள்? உப்பைப் பற்றி நீங்கள் வாயே திறக்கக் கூடாது. உங்கள் ஊர்க் கருவாட்டை மூன்று தடவை கழுவினாலும் குழம்புக்கு உப்பு போடத் தேவையில்லை!

உவரிக் காத்து:
கருவாட்டை யாரும் 300 கிராம் ஒரே ஆளாகத் தின்பதில்லை.

தாமிரபரணி நண்டு:
பழைய சோறு இருந்தால் நான் தின்பேன்.

பாளை ரெண்டாந்தெரு:
சண்டை முடிவதற்குள் பையன் பசி என்று நின்றதால் நாலு துண்டு மட்டும் தோசைக்கல்லில் போட்டு எடுத்துவிட்டேன். ஏற்கெனவே ஒருமுறை பொரித்ததுதான்போல, எண்ணெய் ஊற்றாமலே கல் பளபளத்தது. ஒரு துண்டைப் பிட்டுப் பார்த்தேன், நடுவில் மீன் என் சுண்டுவிரல் கனம். பையன் மேலே இருந்த ரொட்டித்தூளை மட்டும் உரித்துத் தின்றுவிட்டு மீனைத் தட்டோரத்தில் ஒதுக்கிவிட்டான். அதை நான்தான் தின்றேன், முள் இல்லை, ருசியும் இல்லை.