புதுப்பிப்பு: படகைச் சுற்றி எண்ணெய்ப் படலம், காரணம் தெரிந்துவிட்டது

கிருஷ்ணகிரி பக்கம் ஏரியில் நாங்கள் ஓட்டும் மோட்டார் படகுகளைச் சுற்றி, மதியமானால் வானவில் நிறத்தில் படலம் மிதக்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சோப்புக் கரைசல் தெளிக்கும் யோசனையை விட்டுவிட்டேன். படலம் கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான். எண்ணெய் பொடித்துளிகளாக உடைந்து தண்ணீருக்குள் இறங்கும், மீனுக்கு அது இன்னும் கெடுதல். கைகொடுத்தது, எண்ணெயை மட்டும் உறிஞ்சும் விரிப்பைப் படகின் அடியில் தேங்கும் தண்ணீரில் போடச் சொன்னவரின் யோசனை. பாதிப் படலம் அதிலேயே நின்றது.

மீதிதான் நான் எதிர்பார்க்காதது. எஞ்சினில் ஒரு வாரம் கசிவு தேடி வீணானது. பையன்கள் காலையில் பெட்ரோல் டேங்கை வாய் வரை நிரப்பியிருக்கிறார்கள். வெப்பம் 10 டிகிரி ஏறினால் பெட்ரோல் சுமார் 1 சதவீதம் விரியும். நம்ம ஊர் வெயிலுக்குக் கேட்கவா வேண்டும், காற்றுத் துளை வழியாக வழிந்திருக்கிறது. இப்போது டேங்கைக் கரைக்குத் தூக்கி வந்து, பத்தில் ஒன்பது பங்குதான் நிரப்புகிறோம். மூன்று வாரமாகப் படலம் இல்லை.

அப்புறம், பழைய எஞ்சின் ஆயிலைக் காயலான் கடைக்காரர் கேட்டார், கொடுக்கவில்லை. 2016 அபாயக் கழிவு விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் சேர்க்க வேண்டும். நனைந்த விரிப்புகளும் மூடி போட்ட டிரம்மில், நிழலில் இருக்கின்றன.