தஞ்சாவூர்த் தொகுதி யாருடைய கோட்டை? துபாய்த் தம்பிக்குப் பதில்

அன்புள்ள உறவுகளே, வணக்கம்.

தஞ்சாவூர்ச் சட்டமன்றத் தொகுதி உதயசூரியனுக்குப் பட்டா போட்டுக் கொடுத்த இடம் என்று துபாய்த் தம்பி போன வாரம் எழுதியிருந்தார். மூன்று முறை இரட்டை இலையை ஜெயிக்க வைத்தது வேறு ஊர்க்காரர்களா என்று மெல்பர்ன் மாப்பிள்ளை பதிலுக்குச் சீறியிருந்தார். இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நம்முடையது சிங்கப்பூரில் பதிவான சங்கம். அரசியலில் இறங்கக் கூடாது என்பது விதி. ஆகவே இது யாருக்கும் வாக்குக் கேட்கும் மடல் அன்று. பழைய கணக்கைப் புரட்டிப் பார்ப்பது மட்டுமே.

முதலில் தம்பிக்கு உரியதைக் கொடுத்துவிடுகிறேன். 1957 முதல் 2021 வரை திமுகவுக்குப் பத்து வெற்றி, காங்கிரசுக்கு மூன்று, அதிமுகவுக்கு மூன்று. இதைப் பார்த்தால் கோட்டை என்றுதான் தோன்றும். ஆனால் எந்த ஆண்டில் யார் என்று பிரித்துப் பார்த்தால் கதை வேறு.

1962-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். காமராசர் முதலமைச்சராக இருந்த காலம். அதற்கு முந்தைய தேர்தலில் சட்டமன்றத்துக்குப் போன திமுகவினர் 15 பேரையும் இந்த முறை உள்ளே விடக் கூடாது என்று காங்கிரஸ் கங்கணம் கட்டிக்கொண்டு வேலை செய்தது. காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றார். கட்சி 50 இடங்களைப் பிடித்து வளர்ந்தது உண்மை. ஆனால் அந்தப் பழைய 15 பேரில் திரும்பி வந்தவர் கருணாநிதி ஒருவர்தான். அவரும் குளித்தலையை விட்டுத் தஞ்சாவூருக்கு வந்து நின்றவர். எதிரே நின்றவர் பரிசுத்த நாடார். 1957-இல் இதே தொகுதியில் வென்றவர், ஊரறிந்த செல்வாக்கு உடையவர். கருணாநிதி ஜெயித்தது 1,928 வாக்குகளில். நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் மார் தட்டிச் சொல்லும் வெற்றி அவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது.

அடுத்து நடந்ததைத்தான் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள். 1967-இல் கருணாநிதி சைதாப்பேட்டைக்குப் போய்விட்டார். மாநிலம் முழுவதும் காங்கிரஸ் சரிந்தது. விருதுநகரில் காமராசரே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். அண்ணா முதலமைச்சர் ஆனார். அந்தப் புயலில் தஞ்சாவூர் யாரைத் தேர்ந்தெடுத்தது? மறுபடியும் பரிசுத்த நாடாரை! திமுக முதன்முதலாக ஆட்சிக்கு வந்த ஆண்டில் தஞ்சாவூர் காங்கிரஸ் தொகுதி. கோட்டை என்று சொல்பவர்கள் இந்த ஆண்டுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்க எனக்கு ஆசை.

எனக்குத் தெரிவது இதுதான்: தஞ்சாவூருக்குக் காற்றுக்கு எதிர்ப்புறம் நிற்கும் பழக்கம் உண்டு. எம்ஜிஆர் முதன்முதலாக ஆட்சியைப் பிடித்த 1977-இலும், கலைக்கப்பட்டு மீண்டும் வந்த 1980-இலும் இங்கே ஜெயித்தவர் திமுகவின் எஸ். நடராசன். 1980-இல் திமுகவுக்குத் தமிழ்நாடு முழுவதும் கிடைத்ததே 37 இடங்கள்; அதில் ஒன்று நம்முடையது. 2001-இல் 31 இடங்கள். அதிலும் நம்முடையது உண்டு. ஆளுங்கட்சி உறுப்பினர் இருந்தால்தான் சாலை வரும், பாலம் வரும் என்று மேடையில் பேசுவார்கள். அந்த ஆசையைக் காட்டி நம் ஊரை அடிக்கடி மயக்க முடிந்ததில்லை.

1984-இல் காங்கிரசுக்குப் போனது அனுதாப அலை. இந்திரா காந்தி சுட்டுக்கொல்லப்பட்டு, எம்ஜிஆர் அமெரிக்க மருத்துவமனையில் இருந்த நேரம். 1991-இல் இராஜீவ் கொலைக்குப் பிறகு எஸ். டி. சோமசுந்தரம் அதிமுக சார்பில் ஜெயித்து அமைச்சரானார். இதே எஸ்.டி.எஸ். எம்ஜிஆரோடு முறைத்துக்கொண்டு 1984-இல் நமது கழகம் என்று தனிக்கடை விரித்தவர். நடுவில் 1989, பிறகு 1996, 2001, 2006 என நான்கு முறை வென்றவர் உபயதுல்லா. கோட்டை என்ற பெயர் நிலைத்ததற்குக் கட்சியைவிட அவரே பெரிய காரணம் என்பது என் கருத்து. 2006-இல் வணிகவரி அமைச்சராகவும் இருந்தார். அவரையே 2011-இல் அதிமுகவின் எம். ரங்கசாமி தோற்கடித்தார்.

(நாடாளுமன்றத் தொகுதிக் கதையை யாரும் இங்கே இழுக்க வேண்டாம். 1979 இடைத்தேர்தலில் இந்திரா காந்தியே தஞ்சாவூரில் நிற்பதாக இருந்து, எம்ஜிஆர் கடைசி நேரத்தில் கையை விரித்ததைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த மடல் முடியாது.)

இனிதான் நான் எழுத உட்கார்ந்த விஷயம். தொகுதி யாருடைய கோட்டை என்று நாம் அடித்துக்கொள்கிறோம். 2016 முதல் 2021 வரையிலான ஐந்து ஆண்டுகளில் சட்டமன்றத்தில் நம் நாற்காலி எவ்வளவு காலம் காலியாகக் கிடந்தது என்று யாராவது கூட்டிப் பார்த்தீர்களா? ஏறக்குறைய 26 மாதங்கள். அறுபதில் இருபத்தாறு!

முதல் காலியிடம் பணத்தால் வந்தது. 2016 மே 16 அன்று தமிழ்நாட்டில் 232 தொகுதிகள் வாக்களித்தன. தஞ்சாவூரும் அரவக்குறிச்சியும் வாக்களிக்கவில்லை. வாக்காளர்களுக்குப் பணமும் பொருளும் போவதாக வந்த அறிக்கைகளைப் பார்த்துத் தேர்தல் ஆணையம் முதலில் மே 23-க்குத் தள்ளியது, பிறகு ஜூன் 13-க்குத் தள்ளியது, கடைசியில் மே 28 அன்று தேர்தல் அறிவிக்கையையே திரும்பப் பெற்றது. வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை நிறுத்தச் சட்டத்தில் தனிப் பிரிவு உண்டு. பணம் கொடுத்தால் நிறுத்த அப்படி ஒரு பிரிவு கிடையாது. அதனால் அரசியலமைப்பின் 324-ஆம் பிரிவு தரும் பொது அதிகாரத்தை ஆணையம் கையில் எடுத்தது. பணப் பட்டுவாடாவுக்காகச் சட்டமன்றத் தேர்தல் ஒன்று இப்படி இரத்தானது இந்தியாவிலேயே அதுதான் முதல் முறை. இராசராசன் பெரிய கோயில் கட்டிய ஊருக்கு இப்படியும் ஒரு முதலிடம். புதிய அரசு அமைந்து, அமைச்சரவை பதவியேற்று, வரவு செலவுத் திட்டம் நிறைவேறியபோது நம் சார்பில் அவையில் யாரும் இல்லை.

தேர்தல் கடைசியில் நடந்தது நவம்பர் 19 அன்று. அதற்கு 11 நாள் முன்னால்தான் பிரதமர் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்திருந்தார். பணத்தால் நின்ற தேர்தல் பணமே இல்லாத வாரத்தில் நடந்தது! ஊர் முழுக்க வங்கி வாசலில் வரிசை. வாக்குச்சாவடி வாசலிலும் வரிசை. ஜெயலலிதா அப்போலோ மருத்துவமனையில் இருந்தார். அதிமுக வேட்பாளர்களுக்குச் சின்னம் ஒதுக்கக் கோரும் படிவத்தில் கையெழுத்துக்குப் பதில் அவருடைய கைரேகை இருந்தது. ரங்கசாமி 1,01,362 வாக்குகளும், திமுகவின் அஞ்சுகம் பூபதி 74,488 வாக்குகளும் பெற்றனர். ஆறு மாதங்கள் கழித்து நமக்கு ஓர் உறுப்பினர் கிடைத்தார்.

அவரும் பத்து மாதங்கள்தாம். ஜெயலலிதா மறைவுக்குப் பின் கட்சி உடைந்தது. 2017 ஆகஸ்டில் தினகரன் பக்கம் நின்று, முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமிக்கு ஆதரவில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தவர்களில் ரங்கசாமியும் ஒருவர். செப்டம்பர் 18 அன்று சட்டப்பேரவைத் தலைவர் தனபால் அவர்களில் 18 பேரை கட்சித்தாவல் சட்டத்தின் கீழ்த் தகுதி நீக்கம் செய்தார். நாற்காலி மறுபடி காலி.

இடம் காலியானால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு சொல்வது. ஆனால் தகுதி நீக்கத்தை எதிர்த்த வழக்கு நீதிமன்றத்தில் இருந்ததால் தேர்தல் அறிவிக்க முடியவில்லை. 2018 ஜூனில் இரு நீதிபதிகள் இரு வேறு தீர்ப்பு. மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25 அன்று தகுதி நீக்கம் செல்லும் என்றார். இடைத்தேர்தல் 2019 ஏப்ரல் 18 அன்று மக்களவைத் தேர்தலோடு சேர்ந்து நடந்து, மே 23 அன்று திமுகவின் டி. கே. ஜி. நீலமேகம் 33,980 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தினகரன் கட்சியில் நின்ற ரங்கசாமி மூன்றாம் இடம். இருபது மாதங்கள் இப்படிப் போயின.

அந்த இருபது மாதங்களில் என்னென்ன நடந்தது என்று பாருங்கள். 2018 பிப்ரவரியில் காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. ஜூனில் மேலாண்மை ஆணையம் அமைந்தது. நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னையை வேரோடு சாய்த்தது. டெல்டாவின் தலைநகரத்துக்குச் சட்டமன்றத்தில் வாய் இல்லாத காலம் அது. எந்தக் கட்சி வாய் என்பது இரண்டாவது கேள்வி, தம்பி.

இங்கே சிங்கப்பூரிலும் காலி நாற்காலிகள் இல்லாமல் இல்லை. மூத்த அமைச்சராக இருந்த தர்மன் சண்முகரத்தினம் 2023 ஜூலையில் அதிபர் தேர்தலுக்காகப் பதவி விலகியபோது, ஐந்து உறுப்பினர்கள் கொண்ட ஜூரோங் குழுத்தொகுதியில் இடைத்தேர்தல் நடக்கவில்லை. மற்ற நான்கு உறுப்பினர்கள் 2025 பொதுத்தேர்தல் வரை பார்த்துக்கொண்டார்கள். ஒரே உறுப்பினர் உள்ள தொகுதியில் விஷயம் வேறு. 2012 தொடக்கத்தில் ஹவ்காங் காலியானபோது, இடைத்தேர்தல் எப்போது என்று கேட்டு நீதிமன்றம் போனவர் அங்கே குடியிருந்த ஒரு தமிழ்ப் பெண்மணி, துப்புரவுப் பணியாளர். வழக்கு முடிவதற்குள் அந்த மே மாதமே தேர்தல் நடந்துவிட்டது. ஆனாலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013-இல், நியாயமான காலத்துக்குள் பிரதமர் இடைத்தேர்தல் நடத்தியே ஆக வேண்டும் என்று சொன்னது. தஞ்சாவூரில் இருபது மாதங்கள் பொறுத்திருந்தோமே, நம்மில் ஒருவராவது ஒரு கடுதாசி போட்டோமா?

2021-இல் நீலமேகமே மீண்டும் வென்றார், 47 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில். ஆக மாப்பிள்ளை, 2016 நவம்பரில் இலைக்கு விழுந்த லட்சத்துச் சொச்சம் வாக்கும் பட்டா அன்று.

வாக்குரிமை பற்றிக் கேட்டவர்களுக்கு: சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர்களுக்கு அங்கே வாக்கில்லை, இங்கே வாக்களிப்பது கட்டாயம், அதைத் தவறவிடாதீர்கள். நிரந்தரவாசிகள், வேலை அனுமதியில் இருப்பவர்கள், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் மற்ற எல்லாரும் படிவம் 6ஏ நிரப்பி, கடவுச்சீட்டில் உள்ள ஊர் முகவரியில் அயல்நாடு வாழ் வாக்காளராகப் பதியலாம். 2011 முதல் இந்த வசதி உண்டு. ஆனால் தூதரகத்தில் வாக்களிக்க முடியாது, தபால் வாக்கும் கிடையாது. டிக்கெட் எடுத்து ஊருக்குப் போய், அசல் கடவுச்சீட்டைக் காட்டித்தான் போட வேண்டும். கடவுச்சீட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருப்பவர்கள் அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

ஊர் வீட்டு முகவரியில் உங்கள் பெயர் சாதாரண வாக்காளராக இன்னும் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். 2025 கடைசியில் நடந்த வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுவதும் சுமார் 97 லட்சம் பெயர்கள் விடுபட்டன. வீடு வீடாக வந்தபோது ஆளைக் காணோம், இடம்பெயர்ந்துவிட்டார் என்பதும் அதில் ஒரு காரணம். நம்மைப் போன்றவர்களுக்கே எழுதிய காரணம் போல இருக்கிறது. வயதான பெற்றோர் ஊரில் இருந்தால் அவர்கள் பெயரையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். படிவம் நிரப்புவதில் சந்தேகம் என்றால் எனக்கு எழுதுங்கள். யாருக்குப் போடுவது என்று மட்டும் கேட்காதீர்கள்.

அன்புடன்,
ஈசூன் பெரியப்பா