பைதான் டர்ட்டிலில் சிக்குக் கோலம்: புள்ளிக்குப் பிறகு என்ன?

கோலமாவு:
நிரலாக்கம் புதிதாகப் பழகும் தங்கைக்கு ஓவியத்தில்தான் ஆர்வம் என்பதால் பைதான் டர்ட்டிலில் (திரையில் ஓர் ஆமையை நகர்த்திக் கோடு வரையும் பைதான் தொகுதி) தொடங்கி வைத்தேன். சதுரம், ஐங்கோணம், ஃபார் லூப் (ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்வது) வரை வந்துவிட்டாள். இப்போது சிக்குக் கோலம் கேட்கிறாள். 7×7 புள்ளி வைத்தால் புள்ளிகளுக்கு நடுவே கோடு இழுபடுகிறது, ரொம்ப மெதுவாகவும் ஓடுகிறது. வளைகோட்டை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

நேர்கோடு:
பேனா கீழே இருக்கும்போது கோ-டூ (ஆமையை ஓரிடத்துக்கு நகர்த்தும் கட்டளை) கொடுத்தால் கோடு விழத்தான் செய்யும். முன்னால் பேனாவைத் தூக்கும் பென்-அப் வையுங்கள். புள்ளி வைக்கும் டாட் கட்டளைக்குப் பேனா கீழே இருக்க வேண்டியதில்லை. வேகத்துக்கு டிரேசர் 0 (வரைவதைப் படிப்படியாகக் காட்டாது). ஆனால் வரைந்து முடித்ததும் அப்டேட் கொடுக்காவிட்டால் வெற்றுத் திரைதான் வரும். கோப்புக்கு டர்ட்டில் என்றே பெயர் வைக்க வேண்டாம். இம்போர்ட் அந்தக் கோப்பையே எடுத்துக்கொண்டு பிழை காட்டும்.

வளைகோடு:
முழு இழையையும் ஒரே மூச்சில் வரையச் சொன்னால் குழம்பிவிடுவாள். கட்டம் கட்டமாகப் பிரியுங்கள். 60 பிக்சல் பக்கத்தில் 6×6 கட்டம். அவற்றின் முனைகள் 7×7. வரிசை எண்ணையும் நெடுவரிசை எண்ணையும் 0 முதல் எண்ணி, கூட்டினால் இரட்டைப்படை வரும் முனையில் மட்டும் புள்ளி. மொத்தம் 25.

கட்டத்தின் இடது கீழ் முனை எக்ஸ், ஒய் என்றால், 'அ' கட்டம்: (எக்ஸ்+30, ஒய்) போய், திசை 90 (மேல்நோக்கி), சர்க்கிள்(30, 90), அதாவது ஆரம் 30, 90 பாகை வளைவு. பிறகு (எக்ஸ்+30, ஒய்+60), திசை 270, அதே சர்க்கிள். 'ஆ' கட்டம்: (எக்ஸ்+60, ஒய்+30) திசை 180, (எக்ஸ், ஒய்+30) திசை 0. இடது கீழ் மூலையில் 'அ' தொடங்கி, அ, ஆ மாறி மாறி வைத்தால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு வட்டம் வரும். ஓரத்தில் இல்லாத ஒரே ஒரு கட்டத்தை மாற்றிப் போடச் சொல்லுங்கள், இரண்டு வட்டங்கள் ஒன்றாகும். நிபந்தனைக் கூற்று (இஃப்) என்ன செய்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

கோலமாவு:
நன்றிங்க. இரண்டாவது வளைவு மட்டும் வெளிப்பக்கம் புடைக்கிறது. கோடுகள் ஒன்றையொன்று வெட்டவும் இல்லையே?

வளைகோடு:
முதல் வளைவு முடியும்போது ஆமை 90 பாகை திரும்பியிருக்கும். ஒவ்வொரு வளைவுக்கும் முன் திசையை அமைக்கும் செட்-ஹெடிங் கட்டாயம். ஆரம் நேர்ம எண்ணானால் மையம் எப்போதும் ஆமையின் இடப்பக்கம்.

வெட்டுவதற்கு 'இ' கட்டம்: எதிரெதிர் பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைக்கும் இரண்டு நேர்கோடுகள். எல்லாமே 'இ' ஆனால் ஓரத்தில் கோடுகளின் நுனிகள் திறந்திருக்கும். ஓரப் புள்ளிகளுக்கு வெளிப்புறம் 180 பாகை, நான்கு மூலைகளுக்கு 270 பாகை வளைவு போட்டால் மூடிவிடும். கோலத்தை 45 பாகை சாய்த்துப் பார்த்தால் வாசலில் போடும் அமைப்பு தெரியும்.

நேர்கோடு:
வடிவத்தை எழுத்துச் சரங்களாக எழுத வையுங்கள், வரிக்கு ஆறு எழுத்து: "இஅஆஆஅஇ". லிஸ்ட்டும் (பட்டியல்) இன்டெக்ஸும் (பட்டியலில் இட எண்) தானாக வந்துவிடும். உயிரெழுத்து மட்டும் போதும். 'கி' போன்றவற்றைப் பைதான் இரண்டாக எண்ணும், கட்டம் நகர்ந்துவிடும். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1974-இல் வெளியிட்ட கோலக் கட்டுரையும் இப்படிக் குறியீடுகளை வரிசை, நெடுவரிசையாக அடுக்கும் இலக்கணம் (விதித் தொகுப்பு) பற்றியதுதான்.