மறு: கோல்ஃபில் ‘ஸ்லைஸ்’: துண்டடியா, வலவிலகலா, சீவலா?

குழுவினருக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன். நாம் தொகுக்கும் கோல்ஃப் கலைச்சொல் பட்டியலில் ‘ஸ்லைஸ்’ என்பதற்கு, அதாவது பறக்கும் பந்து பக்கவாட்டில் வளைந்துபோகும் பிழையடிக்கு, ‘துண்டடி’ ஏறப்போகிறது என்றதும் கை பரபரத்துவிட்டது. இரண்டு வருடம் வாரம் தவறாமல் ஸ்லைஸ் அடித்தவன் என்பதுதான் எனக்குள்ள ஒரே தகுதி.

> ஸ்லைஸ் என்றால் துண்டு. ஆகவே ‘துண்டடி’. சுருக்கமாகவும் இருக்கிறது.

சுருக்கம் சரி. ஆனால் அங்கே எதுவும் துண்டாவதில்லையே. பந்து நன்றாகத்தான் கிளம்பும். பாதி தூரம் போனதும் ஏதோ ஞாபகம் வந்ததுபோல ஒரு பக்கமாக வளைந்து புதருக்குள் போய்விடும். ‘துண்டடி’ என்று கேட்ட புதியவருக்கு இதில் எதுவுமே மனதில் வராது. துண்டால் அடித்தார்களோ என்றுகூட நினைப்பார்.

> பந்து வலப்பக்கம் போகிறது. ‘வலவிலகல்’ என்றால் தெளிவு.

இடக்கை ஆட்டக்காரருக்கு இதே பிழையில் பந்து இடப்பக்கம் வளையும். அவருக்கென்று ‘இடவிலகல்’ தனியாகச் சேர்க்க வேண்டி வரும். இன்னொன்று, கிளம்பும்போதே வலப்பக்கம் கிளம்பி நேர்கோட்டில் போகும் அடியும் உண்டு. அது வேறு பிழை, அதன் திருத்தமும் வேறு. வளைவதைச் சொல்லாத சொல் இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

அப்படியானால் பக்கத்தை எப்படிச் சொல்வது? நின்று பார்த்தால் விடை கிடைக்கிறது. ஆட்டக்காரர் இலக்கைப் பார்த்து நிற்பதில்லை, பந்தைப் பார்த்து நிற்கிறார். இலக்கு அவருக்குப் பக்கவாட்டில் இருக்கிறது. ஸ்லைஸ் ஆன பந்து அவர் உடம்பை விட்டு விலகும் பக்கமாக வளைகிறது. இதற்கு எதிர்ப்பிழையான ‘ஹுக்’கில் பந்து அவர் நிற்கும் பக்கமாக வளைகிறது. வலக்கையோ இடக்கையோ, இது மாறுவதில்லை. கிரிக்கெட் பார்ப்பவர்கள் ‘வெளியே போற பந்து, உள்ளே வர்ற பந்து’ என்று எப்போதோ பழகிவிட்டார்கள். ஆகவே பறக்கும் பாதைக்கு வெளிவளைவு, உள்வளைவு என்பது என் முன்மொழிவு. வினையாகவும் வளையும்: ‘பந்து வெளிவளைந்தது’.

> ‘சீவல்’ என்றால் தலை சீவுவதுதான் நினைவுக்கு வருகிறது.

இதைச் சொன்ன ஐயாவுடன் இங்கேதான் முரண்படுகிறேன். தலை சீவுவதும் பென்சில் சீவுவதும் ஒன்றா? இரண்டாவதை நினைத்துப் பாருங்கள். கத்தி நேராக இறங்குவதில்லை, சாய்வாக உரசிக்கொண்டு போகிறது. ஸ்லைஸில் மட்டையும் பந்தை அப்படித்தான் தொடுகிறது. தொட்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ 2000-இல் ஒரு பங்கு. அதற்குள் பந்தின் சுழல் அச்சு சாய்ந்துவிடும். அப்புறம் வளைப்பது காற்றின் வேலை. சாய்ந்த மட்டையால் அடிபட்ட டென்னிஸ் பந்து வளைந்து போவதை நியூட்டன் 1672-லேயே தன் கடிதத்தில் குறித்திருக்கிறார். பெயர் வைக்க வேண்டியது அந்தச் சாய்வுக்குத்தான்.

எனவே எனக்கு இரண்டு சொல்லும் வேண்டும். கையில் நடப்பது சீவல், வானத்தில் நடப்பது வெளிவளைவு. ஒரு மரத்தைச் சுற்றிப் பந்தை அனுப்ப வேண்டுமென்றே கொஞ்சம் வெளிவளைப்பவர்கள் உண்டு. ‘ஃபேட்’ என்கிறார்களே, அது. அது பிழையல்ல, அதைச் சீவல் என்று சொல்லவும் கூடாது. சிறு வெளிவளைவு என்றால் போதும்.

அடுத்தது ‘திறந்த முகம்’. முகம் என்பது மட்டையில் பந்தைத் தொடும் பரப்பு. பட்டியலில் இருப்பது அப்படியே மொழிபெயர்ப்பு. மட்டையின் முகம் திறப்பதற்கு அதில் கதவா இருக்கிறது? தமிழில் முகத்தைத் திருப்பிக்கொள்வது என்றால் கோபித்துக்கொள்வது. என் மட்டை இரண்டு வருடம் என்னிடம் அப்படித்தான் இருந்தது. ‘முகம் வெளித்திரும்பியிருக்கிறது’ என்று எழுதினால் போதும், பெயராக வேண்டுமென்றால் வெளிமுகம்.

ஆனால் எதற்கு வெளியே என்பதையும் சொல்லியாக வேண்டும். பலர் இலக்கை வைத்து முகத்தை அளக்கிறார்கள். வளைவைத் தீர்மானிப்பது இலக்கு இல்லை, மட்டை வரும் தடம். உதாரணமாக, தடம் 6 பாகை உள்நோக்கிப் போகிறது, முகம் 2 பாகை உள்நோக்கி இருக்கிறது என்று வையுங்கள். இலக்கை வைத்துப் பார்த்தால் முகம் உள்ளேதான் திரும்பியிருக்கிறது. தடத்தை வைத்துப் பார்த்தால் 4 பாகை வெளியே. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முகம்தான் முடிவு செய்கிறது, ஆகவே சற்று உள்ளே கிளம்பும், பிறகு வெளிவளையும். அதனால் குறிப்பில் ‘தடத்துக்கு வெளிமுகம்’ என்றே போடுங்கள்.

பிடிக்கு வருவோம். ‘வலுவான பிடி, பலவீனமான பிடி’ என்று போட்டிருக்கிறீர்கள். இதைப் படித்தவர் மட்டையை இறுக்கித்தான் பிடிப்பார். நானும் அதைத்தான் செய்தேன், சீவல் கூடியது. ஆங்கிலத்திலும் அந்தச் சொல்லுக்கும் இறுக்கத்துக்கும் சம்பந்தமில்லை. கை எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதே பேச்சு. குனிந்து பார்த்தால் மேலே இருக்கும் கையில் எத்தனை விரல்கணு தெரிகிறது என்பதை வைத்து ஒருகணுப் பிடி, இருகணுப் பிடி, முக்கணுப் பிடி என்று சொல்லலாமே. எண்ணிப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். முக்கணு என்றதும் முக்கண் நினைவுக்கு வருவது கூடுதல் லாபம், மறக்காது.

சொல் பிழைக்குமா என்று பார்க்க ஒரே வழி, அதை வைத்து ஒரு பத்தி எழுதிப் பார்ப்பது. முயன்றேன்:

“சீவல் இருந்தால் முதலில் பிடியைப் பாருங்கள். ஒருகணுப் பிடியானால், இரண்டு மூன்று கணு தெரியும்வரை மேல்கையை இலக்குக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி வையுங்கள். இறுக்காதீர்கள்; மணிக்கட்டு இறுகினால் மட்டை வெளிமுகமாகவே வந்து சேரும். பந்து வெளியே போகிறதே என்று உள்ளே குறிவைத்து நிற்காதீர்கள். தடம் இன்னும் குறுக்காகி வெளிவளைவு கூடும். தோள்கள் இலக்குக் கோட்டுக்கு இணையாக இருக்கட்டும். பந்தை இலக்குப் பக்கம் அதிகம் தள்ளி வைத்திருந்தால் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்துங்கள். பந்துக்கு வெளிப்பக்கம், சற்றுப் பின்னால், மட்டையின் துணியுறையை வைத்து மெதுவாக வீசுங்கள். உறை தட்டுப்பட்டால், கீழிறங்கும்போது தோள் முந்திக்கொண்டு மட்டையை வெளியே தள்ளுகிறது என்று அர்த்தம்.”

எனக்கு எங்கும் தடுக்கவில்லை. ‘மேல்கை’ மட்டும் கொஞ்சம் இடிக்கிறது, ஆனால் ‘முன்கை’ வேறொன்றைக் குறிக்கிறது, ‘இடக்கை’ என்றால் பழைய சிக்கல். வேறு இருந்தால் சொல்லுங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. இத்தனையும் திருத்திய பிறகும் என் பந்து வெளிவளைந்தது. ஒருநாள் மட்டையின் முகத்தில் பவுடர் பூசி அடித்துப் பார்த்தேன். பத்து அடியில் ஏழு அடையாளம், கைப்பிடித் தண்டை ஒட்டிய ஓரத்தில். டிரைவரில், அதாவது தொலைவுக்கு அடிக்கும் பெரிய தலை மட்டையில், அந்த ஓரத்தில் பட்டால், முகமும் தடமும் ஒத்திருந்தாலும் பந்து வெளிப்பக்கமாகத்தான் சுழலும். பந்தை விட்டு அரை அங்குலம் தள்ளி நின்றேன், அன்றே பாதி சரியானது. அந்த ஓரத்துக்குக் குதி என்றும், எதிர் ஓரத்துக்கு நுனி என்றும் போடலாம். ‘குதிகால்’ வேண்டாம், மட்டைக்குக் கால் முளைத்துவிடும்.

பட்டியலைத் தொகுப்பவருக்கு: ‘டிரைவர்’ என்ற வரியில் ‘ஓட்டுநர்’ என்று இருக்கிறது. அதை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள், தனி இழையில் சண்டை போடலாம்.