√16-க்கு விடை 4 மட்டுமா, ±4 ஆ?

டியூஷன் சார்: நேற்று ஒருவர் "√16 என்றால் ±4, வெறும் 4 என்று எழுதினால் பாதி விடைதான்" என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வருஷா வருஷம் நான் மல்லுக்கட்டித் திருத்துவதே இந்தத் தப்பைத்தான். √16 என்றால் 4.

நெல்லைச்சீமை: சொன்னது நான்தான். (−4) × (−4) எவ்வளவு சார்? 16 தானே? அப்புறம் −4 என்ன பாவம் செய்தது? எங்கள் வாத்தியார் ± போடாதவனுக்கு மார்க்கைக் குறைப்பார்.

டியூஷன் சார்: எந்த எண்ணின் வர்க்கம் 16 என்று கேட்டால் 4, −4 இரண்டும் விடை, அதை யார் மறுத்தது? √ குறி கேட்பது மிகை எண்ணை மட்டும். இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் சூத்திரத்தை, x = (−b ± √(b² − 4ac)) / 2a, எடுத்துப் பாருங்கள் அண்ணாச்சி, ரூட்டுக்குள்ளேயே இரண்டு குறியும் இருந்தால் அதற்கு முன்னால் ± எதற்கு?

நெல்லைச்சீமை: சூத்திரக் கதை வேண்டாம். (−4) × (−4) = 16. அதற்குப் பதில்?

ரெண்டு பிள்ளை அம்மா: என் மகள் இதில்தான் மார்க்கை விட்டாள். குறுங்கோணம், சைன் 3/5, காஸ் என்ன என்று கேள்வி. காஸின் வர்க்கம் 1 − 9/25 = 16/25 என்பது வரை சரியாகப் போட்டுவிட்டு ±4/5 என்று முடித்திருக்கிறாள். அந்த மைனஸைச் சிவப்பு மையில் சுழித்து அரை மார்க் குறைத்துவிட்டார்கள். ± போடச் சொல்லிக்கொடுத்தது அவள் அப்பா!

டியூஷன் சார்: குறுங்கோணத்துக்கு 4/5 மட்டும்தான் அம்மா. கோணம் 90க்கும் 180க்கும் நடுவில் இருந்தால் −4/5. அந்த மைனஸ் கோணத்திலிருந்து வருகிறது, ரூட்டிலிருந்து அல்ல.

நெல்லைச்சீமை: பார்த்தீர்களா, மைனஸும் வரும் என்று அவரே ஒத்துக்கொண்டார்!

தமிழ்வழி: அதென்ன எப்போது பார்த்தாலும் ரூட், ரூட்? வர்க்கமூலம் என்று சொல்ல நாக்கு கூசுகிறதா?

டியூஷன் சார்: நானும் தமிழ் மீடியம்தான், எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். அண்ணாச்சி, போன மாதம் 16/64-இல் மேலே இருக்கும் 6-ஐயும் கீழே இருக்கும் 6-ஐயும் அடித்து 1/4 என்று சொன்னவர் நீங்கள்தானே?

நெல்லைச்சீமை: விடை சரியாக வந்ததா இல்லையா?

டியூஷன் சார்: அதே மாதிரி 13/34-இல் 3-ஐ அடியுங்கள், அதுவும் 1/4 என்று வரும். 13-ஐ நாலால் பெருக்கினால் 52, 34 இல்லை. அன்றைக்கும் இதைச் சொன்னேன், பதிலே இல்லை. சரி, ஒன்றே ஒன்று சொல்லுங்கள். சதுரமான இடம், பரப்பு 16 சதுர அடி. ஒரு பக்கம் எவ்வளவு?

தமிழ்வழி: என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

நெல்லைச்சீமை: 4 அடி. அது நிலத்துக்கு. எண்ணுக்கு என்று வந்தால் (−4) × (−4) = 16 சார், அதை முதலில் இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.