பொருள்: ‘பாசிட்டிவிசம்’, வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்

காரைக்குடி, ஞாயிறு இரவு

நம் மடற்குழுவில் எல்லோருக்கும் வணக்கம். தமிழ்வழிச் சட்ட மாணவர்களுக்காகச் சட்டத் தத்துவக் குறிப்பேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். இயற்கைச் சட்டக் கொள்கை, வரலாற்று நெறி, நடப்பியல் எல்லாம் எப்படியோ ஒப்பேறிவிட்டன. ‘லீகல் பாசிட்டிவிசம்’ மட்டும் தொண்டை முள்ளாக நிற்கிறது.

பழைய குறிப்புகளில் ‘நேர்மறைச் சட்டவாதம்’ என்றிருக்கிறது. நேற்று வகுப்பில் அதைச் சொன்னேன். ஒரு பையன் எழுந்து, “அப்ப எதிர்மறைச் சட்டம் எது டீச்சர், தடைச் சட்டமா?” என்றான். சிரிப்பு வந்தது. ஆனால் அவன் கேட்டதில் தப்பில்லை. இங்கே பாசிட்டிவ் என்பதற்கு லத்தீன் மூலத்தில் ‘இடப்பட்டது, வைக்கப்பட்டது’ என்று பொருள். இந்தக் கொள்கையின் முன்னோடி, ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஜான் ஆஸ்டின், 1832-இல் சொன்னது இதுதான்: சட்டம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, அது நல்லதா கெட்டதா என்பது வேறு கேள்வி. ‘நேர்மறை’ இரண்டையும் குழப்பிவிடுகிறது. யாராவது கை கொடுங்கள்.

கண்டனூர், திங்கள் காலை

அம்மா, சொல் குறளிலேயே இருக்கிறது. “முறைசெய்து காப்பாற்றும் மன்னவன் மக்கட்கு இறையென்று வைக்கப் படும்.” இறைவனாகவே இருக்கிறான் என்று வள்ளுவர் சொல்லவில்லை, வைக்கப்படுகிறான். லத்தீனுக்கு இதைவிட நெருக்கம் ஏது? ‘வைப்புமுறைக் கொள்கை’ என்று போடுங்கள். ‘சட்டம்’ தமிழ்ச்சொல்தானா என்பதில் எனக்கு நாற்பது வருடச் சந்தேகம் உண்டு. கதவுச் சட்டம், படச் சட்டம் என்று மரச்சட்டத்தைக் குறிக்கும் சொல்லும் இந்தச் சொல்லும் ஒன்றா, இரண்டா? பர்மாத் தேக்கில் நிலை செய்த ஆசாரிகளைக் கேட்டால் ஒன்றேதான் என்பார்கள். இது பற்றித் தனியே நாலு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், அனுப்பட்டுமா?

தேவகோட்டை, திங்கள் மதியம்

ஐயா, நாலு பக்கம் அப்புறம். ‘வைப்பு’ என்றால் பேங்க்காரர் டெபாசிட் என்பார். குடும்ப நீதிமன்றத்தில் சொன்னால் என்ன நினைப்பார்கள் என்று நான் இங்கே எழுத முடியாது, பெண்பிள்ளைகள் படிக்கிற குழு.

வக்கீலாக ஒன்று சொல்கிறேன். கோர்ட்டில் இன்றும் அபிடவிட் அபிடவிட்தான், வாய்தா வாய்தாதான். சோசலிசம் என்று எழுதும்போது கூசாத கை பாசிட்டிவிசத்துக்கு மட்டும் ஏன் கூசுகிறது?

புதுவயல், திங்கள் மாலை

அகராதியில் பார்த்தேன், ‘நேர்க்காட்சிவாதம்’ இருக்கிறதே அண்ணே?

காரைக்குடி, திங்கள் இரவு

தம்பி, அது பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஆகஸ்ட் காம்டின் பாசிட்டிவிசத்துக்கு ஆக்கிய சொல். புலனுக்கு எட்டுவதே அறிவு என்கிற கொள்கை அது. ஆஸ்டின் பேசியது இறையாண்மை உள்ளவன் இட்ட கட்டளையைப் பற்றி, மீறினால் வரும் தண்டனையைப் பற்றி. பெயர் ஒன்று, பிறந்த வீடு வேறு. அதை இங்கே எடுத்துப் போட்டால் பையன்கள் பரீட்சையில் இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவார்கள். திருத்தப்போவது நான்தான்.

கோட்டையூர், செவ்வாய் காலை

‘இட்டது’ என்று ஆச்சியே முதல் மடலில் சொல்லிவிட்டீர்கள். ‘இடுசட்டம்’ என்று வைத்தால் என்ன? இட்ட சட்டம், இடுகிற சட்டம், இடும் சட்டம். வினைத்தொகை, முக்காலமும் அடங்கிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று படித்தோமே. மரத்துக்கு மரம் என்று இட்டார்கள், இட்டதால் அது பெயர். பறப்பதால் பறவை, காரணத்தால் அது பெயர். பாசிட்டிவிசக்காரர் சட்டத்தை இடுகுறி என்கிறார், இயற்கைச் சட்டக்காரர் அது காரணப்பெயர் என்கிறார். அறம் என்கிற காரணம் இல்லாவிட்டால் அது சட்டமே இல்லை என்பார். இடைக்காலக் கிறித்தவ அறிஞர் அக்குவினாசிலிருந்து இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கச் சட்ட அறிஞர் ஃபுல்லர் வரைக்கும் வந்த சண்டையை நம் பிள்ளைகளுக்கு நன்னூல் படித்த நினைவிலேயே புரியவைத்துவிடலாம்.

தேவகோட்டை, செவ்வாய் காலை

இடுகாடு நினைவுக்கு வருகிறது.

கோட்டையூர், செவ்வாய் காலை

வேளாண்மை ஆபீசில் ‘இடுபொருள் மானியம்’ என்று போர்டு தொங்குகிறது. யாரும் இடுகாட்டை நினைப்பதில்லை அண்ணே.

கண்டனூர், செவ்வாய் இரவு

இடுகுறி என்ற ஒன்றையே நான் ஒப்பமாட்டேன். “எல்லாச் சொல்லும் பொருள்குறித் தனவே” என்றார் தொல்காப்பியர். “மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா” என்றும் சொன்னார். காரணமே இல்லை என்றா சொன்னார்? பார்த்த மாத்திரத்தில் தெரியாது என்றார், அவ்வளவுதான். மரம் என்பதற்கும் காரணம் உண்டு. இருபது ஆண்டு பாடம் நடத்தியவன் சொல்கிறேன்.

காரைக்குடி, செவ்வாய் இரவு

ஐயா, கோபிக்கக் கூடாது. நீங்கள் சொல்லிலக்கணத்தில் சுத்தமான இயற்கைச் சட்டக்காரர். உங்கள் மடலையே நாளை வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்போகிறேன்.

தேவகோட்டை, புதன் காலை

விளையாட்டை விட்டு ஒரு தடை சொல்கிறேன். ‘இடு’ என்றால் இட்டவன் ஒருவன் வேண்டும். ஆஸ்டினுக்கு அது பொருந்தும். ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஹார்ட் 1961-இல் ஆஸ்டினை மறுத்ததே அந்த இடத்தில்தானே? எது சட்டம் என்று காட்டுகிற ஏற்பு விதியை யாரும் இடுவதில்லை. நீதிபதிகளும் அதிகாரிகளும் அதைப் பின்பற்றி நடக்கிறார்கள், அந்த நடப்பிலேதான் அது இருக்கிறது. அவரும் பாசிட்டிவிசக்காரர்தான்.

நம் பக்கத்துக் கதையையே எடுங்கள். ரங்கூனில் வட்டித் தொழில் செய்த நாட்டுக்கோட்டை நகரத்தார் கூடி மாதாமாதம் நடப்பு வட்டி சொன்னார்கள். அரசன் இடவில்லை, போலீஸ் வரவில்லை, ஆனாலும் கணக்கு அதன்படிதான் நடந்தது. ஆஸ்டின் இதைச் சட்டம் என்றே ஒப்பமாட்டார். வரலாற்று நெறியின் ஜெர்மன் அறிஞர் சாவின்யி, இதிலிருந்துதான் சட்டமே முளைக்கிறது என்பார். கல்யாணத்தில் இரு வீட்டாரும் எழுதிக்கொள்கிற ஒப்பந்தமான இசைகுடிமானமும் அப்படித்தான். இசைந்தது, இட்டது அல்ல. ‘இடுசட்டம்’ பாதிப் பாசிட்டிவிசத்தைத்தான் பிடிக்கிறது.

கண்டனூர், புதன் மதியம்

அது இசைகுடிமானம் அன்று, இசைபிடிமானம். இசைவுக்குப் பிடிமானம். குடி எங்கிருந்து வந்தது?

கோட்டையூர், புதன் மதியம்

எங்கள் ஐயா கல்யாணத்து ஏட்டில் ‘குடி’ என்றுதான் இருக்கிறது. இரண்டு குடி இசைவதால்.

கண்டனூர், புதன் மதியம்

எழுதியவர் பிழை.

*(இதற்குப் பின் பிடியா குடியா என்று பதினொரு மடல். தனி இழையாகப் பிரித்துவிட்டேன். விருப்பம் உள்ளவர்கள் அங்கே தொடரலாம். – காரைக்குடி)*

காரைக்குடி, புதன் இரவு

நாளை காலை கொடுக்க வேண்டும், களைத்துவிட்டேன். இடுசட்டத்துக்கு மூன்று பேர், என்னையும் சேர்த்து. தம்பியும் எங்கள் பக்கம் வந்துவிட்டார். வக்கீல் அண்ணன் பாசிட்டிவிசம். ஐயா வைப்புமுறை. ‘இடுசட்டக் கொள்கை’ என்றே போடுகிறேன். ஹார்ட் வருகிற அத்தியாயத்தில் அண்ணன் சொன்ன தடையை ஒரு பத்தியாகச் சேர்த்திருக்கிறேன். ஆஸ்திரியச் சட்ட அறிஞர் கெல்சன் எல்லாச் சட்டத்துக்கும் அடியில் வைக்கிற அடிப்படை நெறியும் யாரும் இட்டதல்ல, இருப்பதாக எண்ணிக்கொள்வதுதான். ஆக அங்கேயும் இந்தச் சொல் கொஞ்சம் நொண்டுகிறது. தெரிந்தேதான் போடுகிறேன்.

தேவகோட்டை, புதன் இரவு

போடுங்கள் ஆச்சி. நான் கோர்ட்டில் பாசிட்டிவிசம் என்றுதான் சொல்வேன்.

காரைக்குடி, சனி காலை

மெய்ப்பு வந்தது. முப்பத்தாறு இடத்தில் ‘இடுசட்டம்’ ‘ஈடுசட்டம்’ ஆகியிருக்கிறது. அச்சகத்துத் தம்பியைக் கேட்டால், “ஈடுன்னா அடமானம்தானே ஆச்சி, நீங்க தப்பா அடிச்சிட்டீங்கன்னு நான்தான் திருத்தினேன்” என்கிறார். உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

கண்டனூர், சனி காலை

வைப்புமுறை என்று போட்டிருந்தால் இது நேர்ந்திராது.